ஜங்க் பெட்டிக்குப் பாடம் எடுத்தவன்

...அப்படியென்றால் ஜங்க் என்று அமுக்கியது அவன்தான், வேறு யார், கேட்டரிங் கடையில் மெயில் பார்க்கிற ஆள் அவன் ஒருவன்தானே, கிச்சனில் இருப்பவர்களுக்கு அண்டா தெரியும் அடுப்பு தெரியும், முதலாளியான மச்சான் கிஃபாயத்துல்லாவுக்கு மெயில் என்றாலே யாரோ ஏமாற்ற வருகிறான் என்று பொருள், ஆக மகள் நிச்சயதார்த்தத்துக்கு ஆர்டர் கொடுத்த தனலெட்சுமி ஆன்டியின் மெயில்களை ஜங்க் என்கிற குப்பைப் பெட்டியில் தள்ளியது ஹைதர் என்கிற இந்த மகாபுத்திசாலிதான்... பிரிக்பீல்ட்ஸ் கடையிலிருந்து கிளம்பிய வேன் மிட்வேலி தாண்டி ஃபெடரல் ஹைவேயில் ஏறிவிட்டது, பின்னால் நிச்சயதார்த்தத்துக்கான பிரியாணி மூடிக்குள் வியர்த்துக்கொண்டிருக்கிறது, வீட்டு நம்பரைப் பார்க்கலாமென்று போனைத் திறந்து, இன்பாக்ஸில் காணாமல் ஜங்க்கைத் துழாவியபோதுதான் அது கண்ணில் பட்டது. தம்பி, உஷாராணி நிச்சயதார்த்தம் நின்னுபோச்சு, சாப்பாடு வேணாம், போன்ல சொல்ல வாய் வரல, நீங்களும் கூப்பிடாதீங்க, அழுதுடுவேன். வந்தது புதன்கிழமை. இன்று ஞாயிறு. சமைத்தாகிவிட்டது, ஏற்றியாகிவிட்டது, பொண்ணு வீட்டை நோக்கி மணிக்கு எண்பதில் போய்க்கொண்டும் இருக்கிறது.

“என்னண்ணே, மூஞ்சி வெளிறிப்போச்சு?” என்றான் வேன் ஓட்டுகிற கிஷன். ஹைதர் சொன்னான். “அலாமாக்,” என்று கிஷன் கண்ணாடியில் பின்பக்கத்தைப் பார்த்தான், பிரியாணி ஏதாவது பதில் சொல்லும் என்பதுபோல. “அப்ப இதெல்லாம் யாருக்குண்ணே?” நல்ல கேள்வி. மச்சானைக் கூப்பிட்டுச் சொன்னால், “வேனத் திருப்பாத. அந்தம்மா வாசல்ல நின்னு மன்னிப்புக் கேளு. சோத்த என்ன செய்யறதுன்னு அவங்க சொல்லட்டும், நீ சொல்லாத, நீ சொல்லிச் சொல்லித்தான் இப்படி ஆச்சு” என்றார். சரி மச்சான். மச்சான், ஒரு சந்தேகம், இந்த ஜங்க் ஃபில்டர், நாம திருத்துனா கத்துக்குமா? “கத்துக்கிட்டா கத்துக்கும், கத்துக்காட்டி கத்துக்காது,” லைன் கட்.

சும்மா ஒன்றும் அமுக்கவில்லை. அந்த அம்மா தினம் ஒன்று அனுப்பினார், ஆங்கில எழுத்தில் தமிழ், அதுவும் எல்லாம் பெரிய எழுத்து, மெயிலைத் திறந்தாலே யாரோ காதருகில் கத்துகிற மாதிரி, இன்றைக்குப் பாயசம் வேணாம், நாளைக்கு முட்டை வேணாம், அடுத்த நாள் மேசைத் துணி வேணாம்... ஒருநாள் குடிக்க வைத்த தே தாரிக் டீ ஆறிக்கொண்டிருந்த எரிச்சலில் ஜங்க் என்று அமுக்கினான், அமுக்கியதும் நெஞ்சில் ஒரு குளிர்ச்சி, மறுநாளும் அமுக்கினான், ஒரு வாரம் போனதும் அமுக்க வேண்டிய அவசியமே இல்லாமல் அது தானாக உள்ளே தள்ள ஆரம்பித்தது. கடையில் அவன் சொல்லி முதன்முதலாக ஒன்று கேட்கிறதே! வீட்டில் போய்ப் பெருமையடித்தான், பாரு, நான் சொல்லிக் குடுத்து அது கத்துக்கிச்சு. மனைவி ஆரிஃபா மடித்துக்கொண்டிருந்த துணியிலிருந்து கண்ணெடுக்கவில்லை. “ஈரத்துண்ட கட்டில்ல போடாதீங்கன்னு கல்யாணமானதுலேருந்து சொல்லிக் குடுக்குறேன். உங்கள விட அந்த மெசின் பரவால்ல.” வெள்ளிக்கிழமை எல்லா ஆர்டருக்கும் கூப்பிட்டு உறுதி செய்வது அவன் வேலை, இந்த வெள்ளிக்கிழமையும் கூப்பிட்டான், ஒருவரைத் தவிர, கூப்பிட்டால் இன்னொரு வேணாம் வரும், வராமலிருந்தால் நல்லது என்று... வந்திருந்தால் இன்றைக்கு எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

இப்போது வேனில் உட்கார்ந்து ஒவ்வொரு மெயிலாக ‘ஜங்க் இல்லை’ என்று அமுக்குகிறான், அமுக்க அமுக்க அவை இன்பாக்ஸுக்குத் திரும்புகின்றன, ஜாமீனில் வந்தவர்கள் மாதிரி. கத்துக்குமா? ஜங்க் என்று சொன்னதை அவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொண்டதே, இல்லை என்று சொன்னால் அதே வேகத்தில் பிடித்துக்கொள்ளுமா, அல்லது முதலில் சொன்னதுதான் உன் சொந்தப் புத்தி, இரண்டாவது சொன்னது பயத்தில் சொன்னது என்று கண்டுபிடித்துவிடுமா? கிஷனிடம் கேட்டான். “எங்க வீட்டு நாய நான் திட்டுனா அது சோபாவுக்கு அடியில போயிரும்ண்ணே, அப்புறம் பிஸ்கட் காட்டினாலும் வராது லா,” என்றான் கிஷன், இதில் ஆமாவா இல்லையா என்று ஷா ஆலம் வரை யோசித்தும் தெரியவில்லை.

கிள்ளானில் நெரிசல். அதற்குள் எல்லா மெயிலையும் வரிசையாகப் படித்துவிட்டான், முதல் தடவையாக, முழுசாக. ஆன்டி மெனுவை மாற்றிக்கொண்டே இருக்கிறார் என்றல்லவா நினைத்தான், மாற்றவே இல்லை, பாயசத்துக்குப் பதில் கேசரி என்று எங்கேயும் இல்லை, வேணாம், வேணாம், வேணாம், ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து கடைசியில் நிச்சயதார்த்தத்தையே கழித்திருக்கிறார். பாவம், மாப்பிள்ளை வீட்டார் அப்போதிருந்தே ஏதோ இழுத்தடித்திருப்பார்கள், அந்த அம்மா எவ்வளவு பயந்திருந்தால்... அந்த மாப்பிள்ளையை அவன் பார்த்ததே இல்லை, ஆனாலும் பந்திங் ரோட்டில் திரும்புவதற்குள் மனசுக்குள்ளேயே அவனுக்கு ஒரு மீசையும் கடன் வாங்கிய காரும் கொடுத்து நன்றாகத் திட்டி முடித்துவிட்டான். திட்ட இன்னொருவன் கிடைத்தால் கொஞ்ச நேரம் தன்னை விட்டுவைக்கலாம்.

ஆன்டி வீடு இருக்கிற தெலுக் பங்லிமா காராங் வந்துவிட்டது. வேனின் பக்கவாட்டில் ஒரு படம் உண்டு, மாலை போட்ட பெண்ணும் மாப்பிள்ளையும், கீழே ‘உங்கள் வீட்டு விசேஷம் எங்கள் விசேஷம்’, அந்த வாசகம் எழுதியதும் இதே மகாபுத்திசாலிதான். இதைக் கொண்டுபோய் அந்த வாசலில் நிறுத்தினால் தாமான் குடியிருப்பு முழுக்க ஜன்னல் திறக்கும், ஓ, இன்னிக்குத்தானே அந்த நிச்சயம், என்று. “இங்கயே நிறுத்து, டயர் கடை ஓரமா, படம் சுவத்துப் பக்கம் இருக்கட்டும்,” என்று இறங்கி நடந்தான். என்ன சொல்வது... ஆன்டி, மன்னிச்சிருங்க... ஆன்டி, கம்ப்யூட்டர் தப்பு பண்ணிருச்சு... எவ்வளவு சுலபமாக வருகிறது அந்தக் கம்ப்யூட்டர், நாக்கு நுனியிலேயே குடியிருக்கிறது.

கேட்டுக்குப் பின்னால் வந்து நின்றது ஆன்டி இல்லை, ஒரு பெண், தொளதொள டீசர்ட், அள்ளி முடிந்த தலை, உஷாராணியாகத்தான் இருக்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸ், கேட்டரிங் என்றதுமே முகம் மாறியது. “மெயில் போட்டேனே அண்ணே?”

“ஆன்டி போட்டாங்க, அது...”

“அம்மாவுக்கு டைப் பண்ண வராது. அவங்க ஈமெயில்லேருந்து எல்லாம் நான்தான் போட்டேன். கடைசி ஒண்ணு மட்டும் அவங்க பக்கத்துல உக்காந்து சொல்லச் சொல்ல.”

எல்லாமா? பாயசமும் முட்டையும் மேசைத் துணியுமா? அப்படியானால் கிள்ளானிலிருந்து அவன் திட்டிக்கொண்டு வந்த மீசைக்காரன்... “ஜங்க்ல போயிருச்சும்மா,” என்றான் அவசரமாக.

“அதுவா போச்சா, நீங்க போட்டீங்களா?”

“முதல்ல நான்தான். அப்புறம் அதுவா.”

சிரிப்பதா என்று அவள் முகம் யோசித்தது. உள்ளே மிக்சியோ டிவியோ எதுவும் ஓடவில்லை, ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு வீடு இப்படி இருக்கக்கூடாது. “வேன் எங்க?”

“மூலையில நிறுத்திருக்கேன், யாரும் பாக்கல. திரும்பிப் போகச் சொன்னாலும் போயிருவோம்.”

“போக வேணாம். புதன்கிழமையிலேருந்து இந்த வீட்டுல யாரும் ஒழுங்கா சாப்பிடல. பக்கத்து வீட்டுக்கும் குடுக்கலாம், பாத்தா பாக்கட்டும். கொண்டாங்க.”

நடந்தான், இரண்டடியில் திரும்பினான், கேட்க வேண்டிய நேரமா இது, இருந்தும் வாய் நிற்கவில்லை. “வர்ற வழியெல்லாம் உங்க மெயில ஜங்க் இல்ல, ஜங்க் இல்லன்னு அமுக்கிட்டே வந்தேன்மா. இனிமே அது கத்துக்குமா? கேட்டா யாருமே நேரா சொல்ல மாட்டேங்குறாங்க.”

உஷாராணி கேட்டை முழுக்கத் திறந்து, அது மறுபடி மூடாமலிருக்க ஒரு பூந்தொட்டியைக் காலால் நகர்த்தி வைத்தாள்.

“கத்துக்கும்ண்ணே. ஒருவாட்டி சொன்னா கேக்காது, சொல்லிக்கிட்டே இருக்கணும். எனக்கு இந்த மாப்பிள்ள வேணாம்னு அம்மாகிட்ட தீபாவளிலேருந்து சொல்லிட்டு இருந்தேன். போன புதன்கிழமதான் அவங்களுக்குக் கேட்டுச்சு.”