இரண்டு நிமிடப் பச்சை

மருத்துவமனை ஒன்றின் இணைய முன்பதிவுப் பக்கத்தைச் சோதிப்பது என் வேலை. பத்து விநாடிக்குள் பக்கம் திறக்காவிட்டால் சோதனை தோல்வி என்று நிரலில் எழுதியிருந்தேன். காலையில் வந்து பார்த்தால், டீம் லீடர் அந்தப் பத்தை நூற்றிருபது ஆக்கியிருந்தார். தோல்வி என்று சிவப்பாக இருந்த வரிகள் அத்தனையும் பச்சை. எல்லாருக்கும் வாழ்த்துச் செய்தி வேறு அனுப்பியிருந்தார்.

"பக்கம் ஆமை மாதிரி வருதுன்னுதானே சார் அது ஃபெயில் ஆச்சு?"

"கடைசியில வருதுல்ல. அப்புறம் என்னம்மா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காய்ச்சலைப் பார்க்கச் சொன்னால் தெர்மாமீட்டரின் கோட்டை அழித்து மேலே போடுகிற வேலை இது. இயந்திரம் எவ்வளவு நேரமும் காத்திருக்கும். வலியோடு வருகிறவர் காத்திருப்பாரா?

எங்கள் சோதனைகள் பிரவுசரைத் திரையில் காட்டாமல் மறைவாகவே ஓட்டும். அதனால் அந்தக் காத்திருப்பை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அந்த அமைப்பை மாற்றினேன். மதியக் கூட்டத்தில், மேனேஜர் முன்னால், பெரிய திரையில் சோதனையை ஓட்டினேன்.

வெள்ளைப் பக்கத்தில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. மேனேஜர் செல்போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். லீடர் நாற்காலியில் நெளிந்தார். பிறகு என் மவுஸுக்குக் கை நீட்டினார்.

"ஹேங் ஆயிடுச்சும்மா. மூடிட்டு மறுபடி திற."

"கைய எடுங்க சார். இன்னும் அரை நிமிஷம்கூட ஆகல," என்றேன். "டெஸ்ட் பாஸ் ஆகிட்டிருக்கு."