மூன்றடுக்குக் கேக்கும் முக்கால் அடிக் குழியும்

வீட்டிலேயே கல்யாணக் கேக் செய்து விற்கும் கேக்கம்மாவின் கணவர் மகா நல்லவர். அந்தத் தெருவுக்கு வந்த வினையே அதுதான்.

தெருமுனைக் குழியைப் பற்றி அவள் மூன்று முறை சாலைத்துறைக்குப் புகார் எழுதினாள். முதல் முறை நல்ல மழை. அளக்க வந்த மேற்பார்வையாளர் குழி நிறையத் தண்ணீரைப் பார்த்து, 'நீர்த்தேக்கம், வடிகால் பிரிவை அணுகவும்' என்று எழுதிவிட்டுப் போனார். இரண்டாவது முறை வெயில். ஆனால் அவர் வருகிறார் என்று தெரிந்ததும் கணவர் காலையிலேயே ஜல்லியும் மணலும் கொட்டி, குழியைத் தரையோடு தரையாக நிரவிவிட்டார்.

"பைக்ல வர்ற மனுஷன், பாவம். விழுந்து கிழுந்து வச்சா?"

வந்தவர் 'குழி இல்லை' என்று எழுதிக் கொடுத்தார். விருந்தாளி வந்தால் வீட்டைப் பெருக்கி வைப்பது நியாயம். புகாரையே பெருக்கித் தள்ளுவார்களா? கேக்கம்மாவுக்கு வந்த ஆத்திரத்தில் அன்று அடுப்பில்லாமலே கேக் வெந்திருக்கும்.

அந்தக் குழியில் ஏற்கெனவே இரண்டு கல்யாணக் கேக்குகள் உயிரை விட்டிருந்தன. ஒன்றில் மணமகள் பொம்மை க்ரீமில் தலைகுப்புறப் புதைந்து, கால் மட்டும் வெளியே தெரிய மண்டபம் போய்ச் சேர்ந்தது. இன்றைய கேக் நாத்தனார் மகளின் கல்யாணத்துக்கு. மூன்றடுக்கு. "இதையும் கூழாக்கிக் கொண்டு வந்தே, அப்புறம் இந்தத் தொழிலே வேணாம்னு நானே தம்பிகிட்ட சொல்லிடுவேன்" என்று நாத்தனார் கறாராகச் சொல்லியிருந்தாள். கேக்கம்மாவுக்கு உள்ளபடியே பயமாக இருந்தது.

மூன்றாவது புகாருக்கு மேற்பார்வையாளரும் இன்றுதான் வந்தார். வேறொரு தெருவில், அவரே 'இல்லை' என்று எழுதிய குழியில் இறங்கி அவருடைய பைக் பட்டறையில் கிடந்ததால், பஸ்ஸில் வந்தார். கணவருக்கும் வழக்கம்போலக் கை சும்மா இருக்கவில்லை. குழி நிரம்பியிருந்தது.

"குழி எங்கம்மா?" என்று செருப்பால் தட்டிப் பார்த்தார்.

"அதுக்கடியில இருக்கு சார்."

"அடியில இருக்கறதை எல்லாம் நான் எப்படிம்மா அளக்கறது?"

வீட்டுக்கு வந்து, டீயும் வெட்டி எடுத்த கேக் ஓரங்களும் சாப்பிட்டுக்கொண்டே 'குழி இல்லை' என்று எழுதி முடித்தார். அதற்குள் குப்பை லாரி இரண்டு முறை போய் வந்து, ஜல்லியைத் தெருவெங்கும் வாரி இறைத்திருந்தது.

"உங்க ஆபீஸைத் தாண்டித்தான் சார் போறோம், ஏறுங்க" என்றாள் கேக்கம்மா. வேனின் முன்சீட்டில் அவர் உட்கார்ந்ததும் கேக்கைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள். "ரோடு சமமாத்தானே இருக்கு, தைரியமாப் பிடிங்க."

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். வேன் ஊர்ந்து தெருமுனையை நெருங்கியதும் அவருக்குக் கண் பிதுங்கியது.

"நிறுத்தும்மா! குழி! குழி!"

"எங்க சார்? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"கண்ணு முன்னால வாயப் பொளந்துக்கிட்டு இருக்கேம்மா! முக்கால் அடி இருக்கும்!"

அவள் வண்டியை நிறுத்தி, சுற்றி வந்து, அவர் சட்டைப் பையிலிருந்த படிவத்தை உருவினாள். 'குழி இல்லை'யை அடித்துவிட்டு, 'குழி உண்டு, ஆழம் முக்கால் அடி' என்று எழுதிப் பேனாவை நீட்டினாள்.

"முதல்ல கேக்கை வாங்கும்மா, ரெண்டு கையும் இதுலதான் இருக்கு."

"கையெழுத்துப் போட ஒரு கை போதும் சார்."

"நான் வேணா பிடிச்சுக்கறேனே" என்றார் பின்சீட்டிலிருந்து கணவர்.

"நீங்க வாயத் திறக்கக் கூடாது."

மேற்பார்வையாளர் இடக்கையால் கேக்கை அணைத்துக்கொண்டு வலக்கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார். படிவம் அவளுடைய கைப்பைக்குள் போனது. பிறகு அவராகவே இறங்கி, கேக்கை ஏந்திக்கொண்டு குழியின் ஓரமாக அடிமேல் அடி வைத்து நடந்தார். பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்துக் காதைப் பிளந்தன.

அவர் திரும்பி நின்று கத்தினார்.

"கண்ணு தெரியலையாய்யா? இவ்ளோ பெரிய குழி இருக்குல்ல!"