மன்னார்புரத்தில் எஸ்நாத்

"அம்மா, எஸ்நாத் பெரியம்மா ஏன் அங்க தொங்கறாங்க?"

ஆட்டோ மன்னார்புரம் சிக்னலில் நின்றிருந்தது. ஏழு வயது ஜெமிமா வெளியே தலையை நீட்டிக்கொண்டு கேட்டாள். காந்தி மார்க்கெட்டில் வாங்கிய கத்தரிக்காய்ப் பையை மடியில் பிடித்தபடி, "தலைய உள்ள இழுடி மொதல்ல" என்று அதட்டிவிட்டுத்தான் பாக்கியமேரி நிமிர்ந்தாள். நிமிர்ந்தவள் பையை விட்டுவிட்டாள். கத்தரிக்காய் ஆட்டோ முழுக்க உருண்டது.

சர்ச் காம்பவுண்டுச் சுவருக்கு மேலே சவுக்குக் கம்பு நட்டு, இருபதடி அகலத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ். அதில் எஸ்நாத்தின் முகம். கலரை உறிஞ்சிவிட்டுக் கறுப்பு வெள்ளையாக்கியிருந்தார்கள். கண்கள் இறுக மூடி, வாய் கோணித் திறந்து, கன்னமெல்லாம் அழுக்கு. தோளில் கிழிந்த துணி. கீழே ஆளுயர எழுத்தில், 'உணவுமின்றி ஒளியுமின்றித் தவிக்கும் இவளிடம் யார் போவார்?' மூலையில் ஒரு ரோஜாப்பூ வட்டம். அதற்குள் கோட்டு போட்ட ஆஸ்டினும் பட்டுப்புடவையில் பாக்கியமேரியும். 'மலாவி தேச மிஷனெரி குடும்பத்தாரை வரவேற்கிறோம்.'

உணவில்லையாம்! எஸ்நாத்துக்கா? நாலு ஏக்கர் மக்காச்சோளமும் முப்பது ஆடும் வைத்திருக்கிறவளுக்கா? ஒளியில்லையாம்! அவளுடைய தாத்தா அந்த ஊரிலேயே பாதிரியாராக இருந்தவர். பாக்கியமேரி வாயில் வராத பைபிள் சங்கீதங்களையெல்லாம் எஸ்நாத் சோளம் உதிர்த்துக்கொண்டே மனப்பாடமாகச் சொல்லுவாள். எவன் எழுதினான் இதை? அவன் கையில் கட்டி முளைக்க!

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கைக்குழந்தைகூட இல்லாமல், நர்ஸ் படிப்பையும் ஒரு டிரங்குப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு புருஷன் பின்னால் மலாவிக்குப் போனவள் பாக்கியமேரி; இப்போது விடுமுறைக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. ஆஸ்டின் அங்கே பள்ளிக்கூடத்து வாத்தியார். இவள் சுகாதார நிலையத்தில் பிள்ளைகளுக்கு எடை போட்டு ஊசி குத்துவாள். ஆனால் அந்த ஊரில் எப்படி உயிரோடு இருப்பது என்று இவளுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? விடியற்காலை அடிபம்பில் வரிசை பிடிக்கவும், கரியடுப்பை ஊதாமல் பற்றவைக்கவும், சோளமாவைக் கட்டி விழாமல் கிண்டவும் எஸ்நாத்தான் பழக்கினாள். ஆஸ்டினுக்கு மலேரியா வந்து பதினெட்டு நாள் படுத்தபோது, பதினெட்டு நாளும் மூடி போட்ட சட்டியில் சாப்பாடு வந்தது. ஜெமிமா பிறந்த அன்று பதினோரு கிலோமீட்டர் மாட்டு வண்டியில் இவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளும் அவள்தான். சாயங்காலங்களில் இரண்டு பேரும் புருஷன்மாரைத் திட்டித் திட்டிச் சிரிப்பார்கள். கூடப்பிறந்த அக்காவிடம்கூடச் சொல்லாததை பாக்கியமேரி அவளிடம் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண்ணைத்தான் இப்படி வெயிலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

அதுகூடப் போகட்டும். நாளைக் காலை எட்டு மணிக்கு என்ன பதில் சொல்லுவாள்? எஸ்நாத்தின் மூத்த மகள் சிகோண்டி இதே திருச்சியில் படிக்கிறாள். போன ஜூலையில் ஸ்காலர்ஷிப் கிடைத்து வந்தவள், ஹாஸ்டலில் இருக்கிறாள். அவளை அனுப்புகிற அன்று எஸ்நாத் கேட்டாள்: "உன்னோட ஊருன்னுதான் அனுப்பறேன், மேரி. என் பொண்ணை அங்க யாரும் கீழா பாக்க மாட்டாங்களே?" பாக்கியமேரி அவள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தாள். நாளை மிஷனெரி பண்டிகை. சிகோண்டி ஆராதனைக்கு வருகிறாள். இந்த வாசல் வழியாகத்தான் வருவாள்.

"அண்ணே, ஓரமா நிறுத்துங்க" என்று ஆட்டோவை அனுப்பிவிட்டு, பிள்ளையை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சபைச் செயலர் பிச்சமுத்து சேர்களை எண்ணிக்கொண்டிருந்தார். ரயில்வேயில் ரிட்டயரான மனிதர், நல்லவர்தான். இவளைக் கண்டதும் முகமெல்லாம் பல்.

"வாம்மா மேரி! பேனர் பாத்தியா? எப்புடி? சனம் அப்படியே உருகிடாது?"

"அண்ணே, அதக் கழட்டுங்க."

"ஏம்மா, உன் படம் சின்னதா போச்சுன்னு கோவமா?"

"என் படத்தக் குப்பையில போடுங்க! அந்தம்மா யாரு தெரியுமா? அந்த ஊரு மாதர் சங்கத் தலைவி. நம்ம சபையில உங்க வீட்டு அண்ணி எப்படியோ அப்படி. அண்ணியக் கிழிஞ்ச துணியோட மலாவியில ரோட்டுல தொங்கவிட்டு, சோத்துக்கு இல்லாதவன்னு எழுதினா நீங்க சும்மா இருப்பீங்களா?"

பிச்சமுத்துவின் பல் மறைந்தது. "என்னம்மா இப்படிப் பேசுற? நாங்களா போய் எடுத்தோம்? உங்க ஜெபக்கடிதத்துல வந்த படம்தானே."

மாதாமாதம் ஆஸ்டின் இங்கே காசு அனுப்பித் தாங்குகிறவர்களுக்கெல்லாம் அனுப்பும் கடிதம் அது. ஊழியத்தின் செய்தி, ஜெபிக்க வேண்டிய காரியங்கள், ஒரு படம்.

"படத்துக்குக் கீழ அந்த வார்த்தை யாரு எழுதினா?"

"கமிட்டியில பேசித்தான் போட்டோம். பாரம் வரணும்ல, மனசு கனத்துக் காணிக்கை போடணும்ல? சிரிச்ச மூஞ்சியப் போட்டா யாருக்கும்மா பாரம் வரும்? நாளைக்கு ஒரு நாள்தான், ஆராதனை முடிஞ்சதும் எடுத்துடறேன். இப்பக் கழட்டினா வெறுஞ்சுவரு. வேணும்னா ஸ்ரீரங்கத்துல கோவிந்த் கடையில வேற அடிச்சுக் கொண்டா, மாத்திக்கலாம்."

வெளியே வந்ததும் ஆஸ்டினுக்கு போன் போட்டாள். அவன் காலையிலேயே வையம்பட்டிக்கு ஒரு ஜெபக்கூட்டத்தில் பேசப் போயிருந்தான்.

"எஸ்நாத் படத்த இவங்களுக்குக் குடுத்தது நீங்களா?"

"என்ன மேரி, கூட்டத்துல இருக்கேன்…"

"கூட்டம் கிடக்குது. குடுத்தது நீங்களா?"

விஷயத்தைக் கேட்டதும் அவன் குரல் இறங்கியது. "சத்தியமா அந்த வசனம் என்னுது இல்ல. 'எங்கள் சகோதரி எஸ்நாத்'னு மட்டும்தான் நான் எழுதினேன். நாலு வருஷத்துக்கு முந்தின கடிதம் அது."

"படம் உங்களுதுதானே?"

"படத்த நீதானே மேரி குடுத்த?"

"நானா? கொஞ்சமாவது வெக்கமா இருக்கா உங்களுக்கு, என் தலையில கட்டறதுக்கு? அவ போட்ட சோத்தத் தின்னுட்டு, அவளையே சோறில்லாதவன்னு விக்கறீங்க. வீட்டுக்கு வாங்க, பேசிக்கறேன்." அவன் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.

ஸ்ரீரங்கம் பஸ்ஸில் நின்றுகொண்டே போனாள். காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. ஜெமிமா ஜன்னலோரம் உட்கார்ந்து, "பெரியம்மா ஏம்மா அழுவறாங்க?" என்று மூன்றாம் தடவை கேட்டாள். "அவங்க அழுவல. வாய மூடிட்டு வா" என்றாள் பாக்கியமேரி. பிள்ளை மேல் காட்ட வேண்டிய கோபமில்லை அது என்று அவளுக்கே தெரியும். ஆனாலும் கோபம் போகிற இடத்தையெல்லாம் கேட்டுக்கொண்டா போகிறது?

சித்திரை வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது கோவிந்தின் கடை. நெற்றியில் திருமண், காதில் ஹெட்போன். கல்யாண பேனர் ஒன்று மிஷினிலிருந்து மெல்ல வெளியே வந்துகொண்டிருந்தது. இவள் போட்ட சத்தத்தில் ஹெட்போனைக் கழற்றினார்.

"நான் என்ன பண்ணுவேன், சொல்லுங்கோ? அவா அனுப்பிச்சதைத்தான் போட்டேன். கறுப்பு வெள்ளையா மாத்தச் சொன்னா, மாத்தினேன். அவ்வளவுதான் என் வேலை."

"வெட்டினது யாரு? இந்தப் படம் இப்படி இல்ல. நல்லா சிரிச்சுக்கிட்டிருக்கற படம் இது."

"நான் வெட்டலை. வந்ததே இப்படித்தான், பாருங்கோ." கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத் திறந்து பெரிதாக்கினார். "எனக்கே அப்பவே உறுத்தித்து. இங்க, தோள்ல பாருங்கோ. நாலு விரல் தெரியறது. பக்கத்துல யாரோ நின்னுண்டிருந்திருக்கா. அவாளைத்தான் யாரோ எடுத்துட்டா."

சேறு அப்பிய நாலு விரல்கள். மோதிர விரலில் கல்யாண மோதிரம், சேற்றுக்குள் ஒரு துளி மின்னியது.

பாக்கியமேரி தன் கையைப் பார்த்தாள். பிறகு போனை எடுத்து, நாலு வருஷத்துப் படங்களைத் தள்ளித் தள்ளிப் போனாள். கிடைத்தது.

பாக்கியமேரி வீட்டுச் சமையல் கொட்டகைச் சுவர் மழையில் சரிந்துபோன வாரம் அது. மறுநாளே எஸ்நாத் வேலைக்கென்று வைத்திருக்கும் பழந்துணியைச் சுற்றிக்கொண்டு வந்து மண் குழைத்தாள். யாரும் கூப்பிடவில்லை. இரண்டு பேருமாகப் பூசினார்கள். விளையாட்டாக ஒரு பிடி சேற்றை அவள் முகத்தில் எறிந்தது பாக்கியமேரிதான். கண்ணில் பட்டு, கண்ணை மூடிக்கொண்டு வாய் கொள்ளாமல் எஸ்நாத் சிரிக்கிறாள். பக்கத்தில் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, முழங்காலுக்கு மேல் துணியைத் தூக்கிச் செருகி, தலை கலைந்து, மார்பெல்லாம் சேறாக, பைத்தியக்காரி போலப் பல்லைக் காட்டிக்கொண்டு இவள்.

அன்றைக்கு ராத்திரியே ஆஸ்டின் இந்தப் படத்தைக் கடிதத்தில் போடலாம் என்றான். இவள்தான் பதறினாள். "ஐயோ, இந்தக் கோலத்திலயா? சபையில பாத்தா என்ன நினைப்பாங்க? மிஷனெரி சம்சாரம் மாதிரியா இருக்கேன்?" போனைப் பிடுங்கித் தன்னை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தைக் கொடுத்தாள். எஸ்நாத்தும்தான் அதே சேற்றில் நின்றாள். அவளைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று ஒரு நொடி, ஒரே ஒரு நொடி தோன்றவில்லையே! அடிப்பாவி, உனக்கு ஒரு மானம், அவளுக்கு ஒரு மானமா?

"மாமி, தண்ணி வேணுமா?" என்றார் கோவிந்த்.

போன் அதிர்ந்தது. சிகோண்டி. முதலில் ஒரு படம்: அந்த ஃபிளெக்ஸ். அதன் கீழே அவர்கள் மொழியில் இரண்டு வரி. 'ஹாஸ்டலில் இன்றைக்கே வெளியே விட்டார்கள். நாளைக்கு வழி தேடி நேரமாகக் கூடாதென்று உங்கள் சர்ச்சைப் பார்க்க வந்தேன். இது அம்மாதானே?'

"உங்க கிட்ட கத்தி இருக்கா?" என்று கேட்டாள் பாக்கியமேரி. கோவிந்த் மேசை இழுப்பறையைத் திறந்தார். ஃபிளெக்ஸ் அறுக்கும் கட்டரை எடுத்து நீட்டினார்.

ஆட்டோ மன்னார்புரம் போய்ச் சேர்ந்தபோது சிகோண்டி ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், கரும்புச்சாறு வண்டி நிழலில் நின்றிருந்தாள். வெள்ளைச் சட்டை, கழுத்தில் காலேஜ் அடையாள அட்டை. ஜெமிமா ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். சிகோண்டி பிள்ளையின் தலையைத் தடவிக் கொடுத்தாளே தவிர, பார்வையை பேனரிலிருந்து எடுக்கவில்லை.

"என்ன எழுதியிருக்கு?" என்றாள்.

பொய் சொல்லியிருக்கலாம். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் ஒரு எழுத்து தெரியாது. பாக்கியமேரி வார்த்தை வார்த்தையாக அவள் மொழியில் சொன்னாள். சொல்லச் சொல்ல நாக்கு கூசியது.

சிகோண்டி பேனரை மறுபடி மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பிறகு, "போன வாரம்கூட எங்க வீட்டுல சாப்பிட்டுத்தானே கிளம்பினீங்க?" என்று கேட்டாள். சத்தம்கூடப் போடவில்லை அவள்.

பாக்கியமேரி ரோட்டைக் கடந்தாள். சவுக்குக் கம்பில் சாய்த்திருந்த ஏணியில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். "மேரி! ஏ மேரி! இறங்கும்மா, விழுந்து தொலைக்கப் போற! நாளைக்கு பிஷப் வராரும்மா!" என்று பிச்சமுத்து கீழே நின்று கத்தினார். "வரட்டும், வெறுஞ்சுவரப் பாக்கட்டும்!" என்று மேலிருந்து கத்தினாள் அவள். முதல் கயிறு அறுந்தது. இரண்டாவது, மூன்றாவது. பேனர் சரிந்து, எஸ்நாத்தின் முகம் மடிந்து, பாக்கியமேரியின் பட்டுப்புடவையும் ரோஜாப்பூ வட்டமும் மேலே தெரிய மண்ணில் விழுந்தது. சிக்னலில் பைக்கில் நின்றவர்களெல்லாம் வேடிக்கை பார்த்தார்கள்.

இறங்கினாள். சிகோண்டி பக்கத்தில் வந்து நின்றிருந்தாள்.

"அம்மாவுக்கும் படத்தை அனுப்பிட்டேன்" என்றாள். "நீங்க வர்றதுக்கு முன்னாடியே. இப்பக் குரலாவே பதில் வந்திருக்கு."

"வேண்டாம்" என்று சொல்ல வாயெடுப்பதற்குள் சிகோண்டி அதை ஒலிக்கவிட்டாள். பின்னால் சேவல் சத்தம், யாரோ உரலில் இடிக்கும் சத்தம். அதற்கு மேல் எஸ்நாத்தின் பெரிய சிரிப்பு.

"அடேயப்பா, எத்தனை பெருசா வச்சிருக்காங்க என்னை! இது மேரி என் கண்ணுல சேத்தை அடிச்ச அன்னிக்கு எடுத்தது. ஆனா மேரி எங்க? என் தோள்மேல கை போட்டுக்கிட்டு நின்னாளே. அவள யாரோ வெட்டி எடுத்திருக்காங்க." சிரிப்பு நின்றது. குரல் கடுத்தது. "அவ பாவம், சொந்த ஊருக்குப் போயும் அவளை இப்படிப் பண்ணியிருக்காங்க. யார் பண்ணினான்னு கேளு சிகோண்டி. பேரைச் சொல்லு. நான் அவங்களைச் சும்மா விட மாட்டேன்."

சிகோண்டி போனை நீட்டினாள். பாக்கியமேரி கட்டரைக் கீழே போட்டாள், சேறில்லாத சுத்தமான கையால் போனை வாங்கிக் குரல் பதியும் பொத்தானை அழுத்தினாள்.

"எஸ்நாத்" என்றாள். "அது நான்தான்."