நிறுத்தும் நேரம்

காலை எட்டரைக்கு அவள் மெயின் சுவிட்சைப் போட்டாள். உலோகம் கடையும் லேத்துக்கு மேலே சுவரில் இருந்த மோட்டார் டிரைவின் சின்னத் திரை சிவப்பாக விழித்தது. லேத்தைத் தொடாமல் பொத்தான்களை அழுத்தி, அது எத்தனை விநாடியில் நிற்கும் என்கிற நிறுத்தும் நேரத்தைப் பார்த்தாள். ஒரு விநாடி. நேற்று மாலை எட்டு வைத்துவிட்டுப் போயிருந்தாள். மறுபடியும் எட்டாக்கினாள்.

ஒரு வாரமாக இப்படித்தான். அண்ணன் ஒன்று வைப்பான், அவள் எட்டு வைப்பாள். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. ஒரே குழம்புக்கு ஒருத்தர் உப்பும் ஒருத்தர் தண்ணீரும் விட்டுக்கொண்டிருப்பதைப் போல நடந்தது.

பட்டறையில் மூன்று பேர்தான். அண்ணன் வேலை பிடித்து வருவான். அவள் கணவன் டிரில்லிங் மெஷினில் நிற்பான். லேத் அவளுடையது. அப்படி யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவள் உயரத்துக்குக் காலடியில் ஒரு மரப்பலகை போட்டிருந்தது, அவ்வளவுதான்.

இந்தக் கொட்டகைக்கு மாறியபோது இங்கே சிங்கிள் பேஸ் மின்சாரம் மட்டும் இருந்தது. லேத்தின் மோட்டார் மூன்று பேஸ். அதற்காகத்தான் டிரைவ். ஒன்றை வாங்கி மூன்றாக்கிக் கொடுக்கும், வேகத்தையும் கூட்டிக் குறைக்கும். கடையில் அண்ணன் மோட்டாரின் ஹெச்பியைச் சொன்னான். கடைக்காரர் அந்த ஹெச்பி எழுதிய பெட்டியை எடுத்து வைத்தார். அவள் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். மோட்டாரின் தகட்டில் கிரீஸைத் துடைத்துப் படித்த ஆம்பியர் அதில் எழுதியிருந்தது. பழைய மோட்டார், அதே ஹெச்பி புது மோட்டாரைவிடக் கூடுதலாக இழுக்கும். பெட்டி கொடுக்கும் ஆம்பியர் அதற்குப் போதாது. மோட்டாருக்கு ஜாதகம் பார்க்கிறாள் என்று அண்ணன் கடைக்காரரிடம் சொல்லிச் சிரித்தான். ஆனாலும் அடுத்த பெரிய அளவைத்தான் வாங்கினார்கள்.

பிறகு புஷ் ஆர்டர் வந்தது, தண்டு சுற்றும் துளைக்குள் போடுகிற உலோக வளையங்கள். சின்னச் சின்ன உருப்படிகள். ஒவ்வொன்றுக்கும் லேத்தை நிறுத்தி, கழற்றி, அடுத்ததை மாட்ட வேண்டும். உருப்படியைக் கவ்விப் பிடிக்கும் சக் தானாகச் சுற்றி ஓய்கிற நேரமெல்லாம் அவள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதாக அண்ணனுக்குப் பட்டது. அடுத்த தெருப் பட்டறையில் கண்மூடித் திறப்பதற்குள் ஒரு லேத் நிற்பதை அவன் பார்த்துவிட்டு வந்திருந்தான். அன்றைக்கே ஒரு விநாடி வைத்தான். டிரைவ் பிழை காட்டி அணைந்தது, சக் தன் போக்கில் சுற்றிக்கொண்டிருந்தது. கடைக்காரரிடம் கேட்டு ஒரு பிரேக் ரெசிஸ்டர் வாங்கி மாட்டினான். நிறுத்தும்போது திரும்பி வரும் சக்தியைச் சூடாக்கி வெளியே விடுகிற பெட்டி. இப்போது லேத் பளிச்சென்று நின்றது.

அடுத்த தெரு லேத்தில் சக்கைப் பின்னாலிருந்து போல்ட் போட்டு முடுக்கியிருக்கும். இது பழைய லேத். சக்கைச் சுற்றவைக்கும் தண்டு ஸ்பிண்டில்; அதன் மரையில் திருகித்தான் சக் நிற்கிறது. வெட்டும்போது அது இறுகும். ஸ்பிண்டில் திடீரென்று நின்றால் சக் நிற்காது. சுற்றிய பக்கமே இன்னும் கொஞ்சம் போகும். அது கழலும் பக்கம். கழன்றால் நெஞ்சுக்கு நேரே வரும். முப்பது வருஷம் லேத் ஓட்டிய அண்ணனுக்கு இது தெரியாததல்ல. அடுத்த தெருவில் பார்த்தது அதை மறைத்துவிட்டது.

இன்று காலை அவள் டீ குடித்து வருவதற்குள் திரையில் எட்டு மறுபடி ஒன்றாகியிருந்தது. அதை மாற்றாமல், சக்குக்கும் ஸ்பிண்டிலுக்கும் குறுக்கே சாக்பீஸில் ஒரு கோடு கிழித்துவிட்டு, பக்கவாட்டில் நின்று ஓட்டினாள். மத்தியானம் பார்த்தபோது கோடு இரண்டாகி, நடுவே ஒரு விரல் இடம் இருந்தது. அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினாள். இறுக்கி மாட்டத் தெரியாதவள் பேசக் கூடாது என்றான். மரை கழன்றது சக்குக்கா உனக்கா என்றும் கேட்டான். அவள் கணவன் டிரில்லைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கவில்லை.

அவள் திரையில் எட்டை வைத்துவிட்டு மெயினை அணைத்தாள். டிரைவின் விளக்கு மங்கி அணையும்வரை காத்திருந்து, அதற்குப் பிறகும் கொஞ்சம் நின்றாள். அணைத்த பிறகும் உள்ளே கொஞ்ச நேரம் மின்சாரம் உயிரோடு இருக்கும். டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு ரெசிஸ்டரைக் கழற்றினாள். கொண்டுபோய் அண்ணனின் மேஜையில் வைத்தாள். இன்னும் சூடு இருந்தது.

"என்ன இது?"

"உன் சாமான். நீயே வெச்சுக்க."

"ஆர்டரை யார் முடிக்கிறது?"

"நான்தான். எட்டு செகண்ட்ல."

நாளையிலிருந்து லேத்துக்கு வேறு ஆள் வருவான் என்றான். அவளை வீட்டில் இருக்கச் சொன்னான். மாப்பிள்ளை முகத்துக்காகத்தான் இத்தனை நாள் பொறுத்ததாகவும் சொன்னான். மாப்பிள்ளை அப்போதுதான் வாயைத் திறந்தான். என் முகத்தை இதில் இழுக்காதீங்க மச்சான் என்றான்.

"வேற ஆளு எதுக்கு? அவன் பெத்தவங்களுக்கு யாரு பதில் சொல்றது? நீயே நில்லு."

அண்ணன் எழுந்தான். ரெசிஸ்டரைத் துணியில் பிடித்து எடுத்துப்போய் மாட்டினான். மெயினைப் போட்டு, திரையில் எட்டை ஒன்றாக்கினான். மரப்பலகையைக் காலால் தள்ளிவிட்டு, அவள் நிற்கும் இடத்தில் நின்றான். ஒரு புஷ் மாட்டி ஓட்டினான்.

அவன் கை சுத்தமான கை. சீவல் அறுபடாமல் நீளமாகச் சுருண்டு தட்டில் விழுந்தது. அப்படி வெட்ட அவளுக்கு இன்றுவரை வந்ததில்லை. டிரில்லை நிறுத்திவிட்டு அவள் கணவனும் பார்க்க வந்தான். சக்குக்கு நேர் எதிரே வந்து நின்றான். அவள் அவன் சட்டையைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தாள். ஏன் என்று கேட்காமல் நகர்ந்தான்.

வெட்டு முடிந்தது. அண்ணன் கருவியைப் பின்னால் இழுத்தான். கட்டைவிரல் சிவப்புப் பொத்தானுக்குப் போனது. அதன்மேல் நின்றது. அழுத்தவில்லை. வெட்ட ஒன்றுமில்லாமல் சக் முழு வேகத்தில் சுற்றியது. முடிந்த புஷ் அதில் பளபளத்தது. அண்ணன் சக்கைப் பார்த்தான். பிறகு திரையைப் பார்த்தான். அவன் உடம்பு தன்னை அறியாமல் கொஞ்சம் இடதுபக்கம் சாய்ந்தது. அதை அவள் பார்த்தாள். தான் பார்த்தது அவனுக்குத் தெரியட்டும் என்று முகத்தைத் திருப்பாமல் நின்றாள்.

லேத் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஒண்ணுதானே வெச்சிருக்கே," என்றாள். "நிறுத்துண்ணே."