தீப்பிடிக்காத கப்பல்

இந்தக் காலத்தில் செத்தவளின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்த்திராதவன்தான் செத்தவளைப் பற்றிப் பேச வருகிறான். தேவாலயத்தின் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கிழவர் ஹோமருக்கு அதுவே பொறுக்கவில்லை. போதாததற்குப் பின்னால் எவனோ சூயிங்கம் மென்றான். இன்னொருவன் அரைக்கால் சட்டையில் வந்திருந்தான். அடக்கத்துக்கு வந்தவனா மீன்பிடிக்க வந்தவனா, தெரியவில்லை.

பெட்டியில் தங்கை ஐடெல்லா. ஊருக்குப் புதிதாய் வந்த இளம் போதகர், அவள் கதைக்கு வந்துவிட்டார். ஆறு வயதில், வாயு அடைத்துப் பறக்கவிட்ட பெரிய வான்கப்பல் ஒன்று விழுந்ததை அவள் கண்ணால் பார்த்த கதை ஒஹையோவின் இந்தப் பக்கத்தில் மாடு கன்றுக்கும் மனப்பாடம். கல்யாணம், காரியம் எதிலும் அவள் அதைச் சொல்லாமல் விட்டதில்லை. "புளுகாதே" என்று ஹோமர் குறுக்கே விழாத சபையும் இல்லை.

கப்பல் விழுந்த அன்று விடியலில் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவள் ஓடிவந்து உலுக்கியதற்கு, கனவு கண்டிருப்பாய் என்று புரண்டு படுத்துவிட்டார். எழுந்து ஓடியபோது எல்லாம் முடிந்திருந்தது. ஊரே கத்தியும் வண்டியுமாய்ப் போய்க் கப்பலின் வெள்ளித் துணியை அறுத்துக்கொண்டிருந்தது. செத்தவர்களைத் தூக்குவதற்குள் மழைக்கோட்டுக்குத் துணி சேர்த்துவிட்ட ஜனம்.

"வானமே பற்றி எரிந்தது," என்றார் போதகர், குரல் தழுதழுக்க. "அந்தத் தீயின் முன்னால் ஒரு சிறுமி மண்டியிட்டாள்."

ஹோமர் எழுந்துவிட்டார்.

"தீயெல்லாம் இல்ல தம்பி."

"ஐயா, நான் படத்துலயே பாத்திருக்கேன்."

"அது வேற கப்பல். நியூஜெர்சியில எரிஞ்சது. எங்களதைக் காத்துதான் முறிச்சுது. இவ அதைச் சொல்லிச் சொல்லியே வாய் தேஞ்சு போனவ. தப்பாச் சொல்லிப் புதைச்சிடாதீங்க."

ஐடெல்லாவின் மகள் நோரீன் அவர் கோட்டைப் பிடித்து இழுத்தாள். "மாமா, உக்காருங்க. மானம் போகுது."

அவர் உட்காரவில்லை. யாரும் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார். கோழிக்கூண்டு காற்றில் அடித்துக்கொள்கிறதே என்று அவள் வெளியே போனது. மின்னலில் கப்பல் பெரிய வெள்ளிச் சோளக்கதிர் மாதிரி தெரிந்தது. காற்று அதை மேலே தூக்கிக் கீழே அமுக்கி, கடைசியில் முறித்தது. வால்பக்கம் விழுந்தது. மூக்குப்பக்கம் ஆட்களோடு மேலே போய்விட்டது. அது சுற்றித் திரிந்து, மேய்ச்சல் நிலத்துக்கு இறங்கி வந்தபோது, கயிற்றைப் பிடிக்கச் சொல்லி உள்ளேயிருந்து ஒருத்தன் கத்தினான். பிடிக்க ஓடியவளின் ராத்திரிச் சட்டை முள்வேலியில் மாட்டிப் பின்பக்கம் முழுக்கக் கிழிந்தது.

அந்த இடத்தில் ஐடெல்லா எப்போதும் கொஞ்சம் நிறுத்துவாள். ஹோமரும் நிறுத்தினார். சபை சிரித்தது. சூயிங்கம்காரன்தான் முதலில் சிரித்தான்.

"கிழிஞ்ச சட்டையோடயே கயித்தைப் பிடிச்சா," என்று முடித்துவிட்டு உட்கார்ந்தார். போதகர் ஜெபத்தைச் சுருக்கமாக முடித்துக்கொண்டார்.

கல்லறையில் மண் போட்டுத் திரும்பும்போது நோரீன் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் சிவந்திருந்தது.

"ஒரு வார்த்தை பிசகாம சொன்னீங்களே மாமா. அப்போ அம்மா சொன்னதை நம்பித்தான் இருந்திருக்கீங்க."

"யாரு, நானா? முறிஞ்ச கப்பல்ல பாதி மேல போகுமாம். கேக்கிறவன் கேனையனா?"

கையை உருவிக்கொண்டு கீழேயிருந்த கார்களை நோக்கி நடந்தார். பாதிச் சரிவில் நின்று, தொப்பியைப் பின்னுக்குத் தள்ளி அண்ணாந்து பார்த்தார். மேகம் ஒன்றிரண்டு போய்க்கொண்டிருந்தது. உதட்டைப் பிதுக்கிவிட்டு நடையைக் கட்டினார்.