குழு டிராக்டர்

டிராக்டர் வந்தது எங்கள் மகளிர் குழுவுக்கு. ஆர்.சி. புத்தகத்தில் குழுவின் பெயர்தான் இருக்கிறது. ஆனால் நாகலாபுரத்தில் யாரைக் கேட்டாலும் மாரிச்சாமி டிராக்டர் என்றுதான் சொல்வார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

மாரிச்சாமி எங்கள் குழுத் தலைவி சுடலையம்மாளின் புருஷன். வண்டி வந்த அன்று சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். கோவில்பட்டிக்குப் போய் டிராக்டர் ஓட்டப் பழகி லைசென்சும் வாங்கி வந்த எங்கள் குழு வள்ளிமயில் ஏறப் போனாள். பெண் கை கலப்பையில் பட்டால் மழை ஒதுங்கிப் போகுமாம். முதல் ஓட்டத்துக்கு மட்டும் ஆம்பளை ஏறட்டும் என்று ஊர்க்காரர்கள் தடுத்துவிட்டார்கள். இந்தப் பாழாய்ப்போன ஊரில் களை எடுக்க, பருத்தி எடுக்க, கதிர் சுமக்க மட்டும் பெண் கை வேண்டும். அப்போது மழைக்கு ஒன்றும் ஆகாது. அன்று ஏறிய மாரிச்சாமி இறங்கவே இல்லை.

எங்களில் ஒருத்திக்கும் சொந்த நிலம் கிடையாது. தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கும் கூலியையே நம்பிக் கிடக்க வேண்டாம் என்று சங்கரபாண்டி அண்ணாச்சியின் மானாவாரிக் காட்டைக் குத்தகைக்குப் பிடித்திருந்தோம். புரட்டாசியில் ஒரு நல்ல மழை பெய்தது. கரிசல் மண் முதல் நாள் சேறாகி மிதித்த காலை உள்ளே இழுக்கும், மறுநாள் பதமாக இருக்கும், அதற்கடுத்த நாள் வெயிலில் இறுகிவிடும். அந்தப் பதத்தை விட்டால் இந்த வருஷம் உளுந்து இல்லை. நாங்கள் விதையோடு வரப்பில் நிற்கிறோம். மாரிச்சாமி தன் அண்ணன் காட்டை உழுதுகொண்டிருக்கிறார்.

"அவிய முடிச்சிட்டு வந்துருவாவ. செத்த பொறுங்க" என்றாள் சுடலையம்மாள்.

"ஈரம் போன பொறவா? ஏக்கா, டிராக்டர் ஆருக்கு வந்துச்சு? நமக்கா, ஒங்க வீட்டுக்காரருக்கா?" என்று கத்திவிட்டேன்.

"நான் என்னட்டி செய்ய? கேட்டா வீட்டுல சண்டை வருது."

"சண்டை ரெண்டு நாள்ல ஆறிரும். வெள்ளாம போச்சுன்னா வருஷம் பூரா தீப்பெட்டி ஆபீசுதான்."

அவள் விதைச் சாக்கை வரப்பில் இறக்கி வைத்தாள். பிறகு விறுவிறுவென்று நடந்தாள். நானும் வள்ளிமயிலும் பின்னாலேயே ஓடினோம். நேராகப் போய் ஓடுகிற வண்டிக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"மத்தியானம் வாரேம்லா, போ" என்றார் மாரிச்சாமி.

"எறங்குங்க."

"ஊர் சிரிக்கும்ட்டி."

"சிரிக்கட்டும். எறங்குங்க."

அவள் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை; அவரும் பார்த்திருக்க மாட்டார். முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்.

வள்ளிமயில் ஏறினாள். எங்கள் காட்டில் நாங்கள் விதையை வீசிக்கொண்டே முன்னால் போனோம். அவள் உழுது மூடிக்கொண்டே பின்னால் வந்தாள். உழவுச் சால் ஒவ்வொன்றும் அத்தனை நேர்.

வெயில் சாயும்போது சங்கரபாண்டி அண்ணாச்சி பைக்கில் வந்தார். கலப்பைக் கொழுவில் அப்பிய மண்ணைத் தட்டுவதற்காக வள்ளிமயில் அப்போதுதான் கீழே இறங்கியிருந்தாள். அண்ணாச்சி காட்டை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"மாரிச்சாமி உழவுன்னா உழவுதான். எங்க அவன்?"

"அவிய வரல. உழுதது வள்ளிமயில்" என்றேன்.

அவளை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தார். "அப்படியா? நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கான் மாரிச்சாமி."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. நறுக்கென்று கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் வள்ளிமயில் மேலே ஏறி வண்டியைக் கிளப்பிவிட்டாள்.

"வழிய விடுங்க, அண்ணாச்சி. ஈரம் காயுது."