மஞ்சள் கோட்டைத் தொடாத வெள்ளம்

ஆற்றில் தண்ணீர் இன்னும் கொஞ்சம் ஏறவேண்டும் என்று சாமி கும்பிட்ட ஒரே மனிதன் எங்கள் பகுதியில் நானாகத்தான் இருப்பேன். கும்பிட்டது வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அல்ல. ரங்காகாட் படித்துறையில், பட்டப்பகலில், விரிக்க மறந்த குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தொப்பலாக நனைந்தபடி. பக்கத்தில் நின்றவர்கள், ஐயா நமக்காகத்தான் மன்றாடுகிறார் என்று நினைத்து என்னோடு சேர்ந்து கைகூப்பினார்கள். அவர்கள் இறங்கச் சொன்னார்கள், நான் ஏறச் சொன்னேன். கடவுள் ரொம்பவே குழம்பியிருப்பார்.

என் பெயர் ஹேமகாந்த பூயான். சோனாஜான் பகுதிக் கவுன்சிலின் நிதி அதிகாரி. பிரம்மபுத்திராவில் போய் விழும் எங்கள் சோனாஜான் ஆறு ஆண்டுதோறும் கரையை மீறும். நாங்கள் ஆண்டுதோறும் மேலிடத்துக்கு மனுப் போடுவோம். சேதத்தைப் பார்க்க ஆள் வருவார்கள், கோழிக்கறியும் சோறும் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். நிவாரணப் பணம் ஒருவழியாக வந்து சேரும்போது அடுத்த வெள்ளம் வாசலில் நிற்கும். அதற்குள் விதைப்புக் காலம் போயிருக்கும், மாட்டை விற்றிருப்பார்கள், பிள்ளைகள் வேலை தேடி ரயிலேறியிருப்பார்கள்.

இந்த அவலத்தை ஒழிக்கப் பிறந்தவன் நான் என்று எனக்கொரு நினைப்பு. ஒரு பயிற்சி வகுப்பில் மூன்று நாள் உட்கார்ந்து, இரண்டு நாள் தூங்கி, ஒரு நாள் கேட்டதில் புரிந்தது இது: வெள்ளம் வந்தபின் கையேந்துவதைவிட, வருமுன்பே காப்பீடு எடுத்துவிடலாம். சேதத்தை யாரும் வந்து அளக்க வேண்டாம். படித்துறையில் நிற்கும் நீர்மட்டக் கம்பத்தில் ஒரு கோடு. தண்ணீர் அதைத் தொட்டால் பணம் தானாக வந்து விழும். தொடாவிட்டால் இல்லை. அவ்வளவுதான்.

அபாயத்தைக் காட்டும் சிவப்புக் கோட்டுக்கு மேலே என்னுடைய மஞ்சள் கோட்டை நானே நின்று வரையச் செய்தேன். இன்னும் கீழே வரைந்திருந்தால் கட்டணம் எகிறியிருக்கும். இந்த உயரத்துக்கே கவுன்சிலிடம் பணம் போதவில்லை. சின்னச் சின்ன வெள்ளங்களுக்கென்று ஓர் அவசர நிதி வைத்திருந்தார்கள். "இந்தப் பணம் சும்மா தூங்குது. இதை எழுப்பி வேலை வாங்குவோம்" என்று கூட்டத்தில் முழங்கி, அதை மொத்தமாக வழித்துக் காப்பீட்டுக் கட்டணத்தில் போட்டேன். மேசையைத் தட்டினார்கள். சித்திரையில், பிஹு பண்டிகைச் சமயத்தில், சிறந்த நிர்வாகப் புதுமை என்று மேடையேற்றி, பித்தளைத் தட்டமும் காசோலையும் கொடுத்தார்கள். என் மனைவி நிர்மாலி காசோலையை வாங்கிப் பார்த்துவிட்டு, துணி துவைக்கும் இயந்திரம் என்று தீர்ப்புச் சொன்னாள். எங்கள் குழாயில் தண்ணீர் வருவதே கடவுள் தயவில்தான். வெள்ளம் வரும் ஊரில் குழாய் மட்டும் எப்போதும் வறட்சி.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. என் அக்கா தருலதாவைக் கட்டிக்கொடுத்த ஊர் கெதெலுபாரி. படித்துறைக்கு மேற்கே, ஆற்றின் போக்குக்கு எதிரே படகில் போகவேண்டும். அந்த ஊருக்கே நான் மச்சினன், ஆகவே ஊருக்கே என்னைக் கிண்டல் பண்ண உரிமை உண்டு. பஜனை நடக்கும் நாம்கரில் எல்லோரையும் உட்காரவைத்துத் திட்டத்தை விளக்கினேன்.

"மச்சினரே, தண்ணி கோட்டத் தொட்டா பணம்ங்கிறீங்க. தொடுறதுக்கு முன்னாடி நாங்க முங்கிட்டா?" என்றார் பக்கத்து வீட்டு ககேன்.

"முங்க மாட்டீங்க. அதான் கரை இருக்கே."

"கரை கட்டுன காண்டிராக்டரத் தெரியுமா உங்களுக்கு? அவன் வீட்டு மதில் போன மழையில விழுந்துச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் பெருந்தன்மையாகச் சிரித்து வைத்தேன்.

எங்கள் ஆற்றங்கரை ஊர்களில் ஒரு பழக்கம். முதல் நாற்றங்கால் வயலை ஒட்டிப் போடுவார்கள். அது முழுகினால் என்ன செய்வது என்று, எட்ட இருக்கும் மேட்டு நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து இரண்டாவதாக ஒரு நாற்றங்கால். நல்ல ஆண்டில் அந்த நாற்று முற்றி வீணாகும், மாடு தின்னும். விதையும் குத்தகையும் கூலியும் தண்டம். இதைக் கேட்டதும் எனக்குள் இருந்த நிதி அதிகாரி துள்ளி எழுந்துவிட்டார்.

"இனிமே எதுக்கு ரெண்டாவது நாத்து? வெள்ளம் வந்தா பத்தே நாள்ல கையில பணம். வேணுங்கிற நாத்த விலைக்கு வாங்கிக்கலாம்."

அவர்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை, அக்கா முகத்தைப் பார்த்தார்கள். பெண்கள் நெசவுக் குழுவுக்கு அவள்தான் தலைவி, அவள் சொன்னால் ஊர் கேட்கும்.

"என் தம்பி பொய் சொல்ல மாட்டான். இந்த வருஷம் மேட்டு நாத்து வேணாம்" என்றாள் அக்கா.

பிறகு, தன் கையால் நெய்த சிவப்புக் கரைக் கமோசாத் துண்டை என் கழுத்தில் போட்டாள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படகேறினேன்.

ஆடியில் வந்தது வெள்ளம். படித்துறைக் கம்பத்தில் சிவப்புக் கோடு முழுகி, தண்ணீர் மஞ்சளை நோக்கி ஏறியது. நான் குடை விரிக்க மறந்தது அங்கேதான். இன்னும் நாலு விரற்கடை. மூன்று. ஏறு தாயே, ஏறு! ஒரு சாண்கூட வேண்டாம், இந்த மூன்று விரலை ஏறிவிடு. இளம் பொறியாளன் மிருகேன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"சார், ஏறுனா ரங்காகாட் பஜார் போயிடும் சார்."

"போனா பணம் வரும்டா."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. நல்லவேளை, மழை இரைச்சலில் வேறு யாருக்கும் கேட்கவில்லை.

அப்போது தண்ணீர் இறங்கியது. மெதுவாக அல்ல, யாரோ அடியில் அடைப்பானைப் பிடுங்கிவிட்டது போல. மஞ்சளுக்கு மூன்று விரல் கீழே இருந்தது சிவப்புக்குப் போனது, சிவப்புக்குக் கீழே போனது. படித்துறையில் ஆரவாரம். சங்கு ஊதினார்கள். ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்து, "உங்க வேண்டுதல்தான் சார்!" என்றார்.

நான் மேற்கே, ஆறு வரும் பக்கம் பார்த்தேன். இவ்வளவு தண்ணீர் திடீரென்று எங்கே போகும்? அத்தான் பீரேனின் அழைப்பு வந்தது. கத்தினார்.

"கரை உடைஞ்சிருச்சு! நம்ம ஊர்கிட்டயே! உன் அக்காவும் நானும் கூரை மேல உக்காந்திருக்கோம்."

"உயிருக்கு ஒண்ணும்..."

"எல்லாரும் இருக்கோம். ஆளுக்கு ஒண்ணும் இல்ல. வயலும் நாத்தும்தான் போச்சு. அது கிடக்கட்டும், உன் பணம்தான் இருக்கே" என்றார், அந்த நிலையிலும் என்னைத் தேற்றும் குரலில்.

காப்பீட்டுக் கம்பெனி ஆள் தங்கமானவர். நான் கத்தியதை முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"கஷ்டமாத்தான் சார் இருக்கு. ஆனா தண்ணி கோட்டத் தொடலையே?"

"தொடாததுக்குக் காரணமே கரை உடைஞ்சதுதாங்க! உடையலைன்னா தொட்டிருக்கும்!"

"புரியுது சார். ஆனா கரை உடைஞ்சா என்ன பண்றதுன்னு எங்கயும் எழுதலையே. எழுதுனது நீங்கதானே சார்?"

நான்தான். ரங்காகாட் தவிர இன்னும் இரண்டு கம்பங்களைச் சேர்க்கலாமா என்று அவர்கள் கேட்டபோது, கட்டணம் கூடும், வேண்டாம் என்றவனும் நான்தான். அவசர நிதியில் கைவைக்கலாம் என்றால், தூங்கிக்கொண்டிருந்த அந்தப் பணத்தைத்தான் நான் எழுப்பி வெளியே அனுப்பிவிட்டேனே.

படகில் போனேன். உடையாமல் மிஞ்சிய கரைத்துண்டின் மேல் தார்ப்பாய் கட்டி, ஆடு மாடுகளோடு ஊரே இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தார்கள். வாயைத் திறக்குமுன் ககேன் ஒரு கமோசாவைக் கொண்டுவந்து என் கழுத்தில் போட்டார். கூரையிலிருந்து இறங்கும்போது எதை எதையோ விட்டுவிட்டு இதை எடுத்து வந்திருக்கிறார்கள். பணத்தோடு வருகிறவனை வெறுங்கழுத்தோடு வரவேற்கலாமா?

சொன்னேன். கோட்டில் தொடங்கி, கம்பெனி ஆள் சொன்னதுவரை சொன்னேன்.

ககேன் நெற்றியைச் சுருக்கினார். "இருங்க மச்சினரே, எனக்குப் புரியல. எங்க கரை உடைஞ்சதால அங்க தண்ணி ஏறல."

"ஆமா."

"அங்க ஏறலைங்கிறதால எங்களுக்குப் பணம் இல்ல."

"ஆமா."

"அப்ப நாங்க முங்காம இருந்திருந்தா முங்குனதுக்குப் பணம் வந்திருக்கும்?"

"...ஆமா."

 யாரோ ஒருத்தி களுக்கென்று சிரிக்க, ஊரே சிரித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்க்காமல், முழுகிக் கிடந்த வயல் பக்கம் பார்த்துக் கேட்டாள்.

"நாத்துக்கு என்னடா பண்றது? ஆவணி பாதிக்குள்ள நடலைன்னா இந்த வருஷம் சோறு கிடையாது. மேட்டு நாத்து வேணாம்னு நான்தான் இவங்ககிட்ட சொன்னேன்."

அவள் 'நீதான் சொன்னாய்' என்று சொல்லவில்லை. அதுதான் சுருக்கென்று குத்தியது.

ரங்காகாட்டுக்குத் திரும்பி வீடு வீடாக ஏறினேன். அங்கே மேட்டு நாற்று முற்றத் தொடங்கி, பச்சைப்பசேலென்று நின்றது. என் பேச்சைக் கேட்காத ஊர், பிழைத்துக்கொண்டது. மனேஸ்வரி என்றொரு அம்மாள் வாசலில் வெற்றிலை போட்டபடி விலை சொன்னாள். எனக்குத் தலை சுற்றியது.

"கெதெலுபாரி முங்குனதாலதாம்மா நீங்க தப்பிச்சீங்க."

"அப்படியா? அன்னைக்கு நீங்க கும்பிட்டதால தப்பிச்சோம்னுல்ல எல்லாரும் சொன்னாங்க" என்று சிரித்துவிட்டு, விலையைக் கொஞ்சம் குறைத்தாள். குறைத்தது கெதெலுபாரிக்காகவா என் வேண்டுதலுக்காகவா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

வீட்டில் நிர்மாலியிடம் தயங்கித் தயங்கிப் பேச்செடுத்தேன். அவள் துவைக்கும் இயந்திரத்துக்கென்று வைத்திருந்த பரிசுப் பணத்தை எண்ணிக்கூடப் பார்க்காமல் எடுத்து நீட்டினாள்.

"கையால துவைச்சா ஒண்ணும் ஆகாது. இனிமே உங்க துணிய நீங்களே துவைச்சுக்கங்க."

படகு படகாக நாற்று போனது. நிதி அதிகாரி முழங்கால் சேற்றில் நின்று கட்டு இறக்கினார். யார் வயலுக்கு முதலில் என்பதை அக்கா முடிவு செய்தாள். ககேன் வயல், விதவை புதலி வயல், அந்தக் கோடி வயல், இந்தக் கோடி வயல். கடைசிப் படகின் கடைசிக் கட்டு இறங்கியபோது, நடாமல் கிடந்தது ஒரே வயல்தான். அக்காவுடையது. பரிசுப் பணம் அதோடு தீர்ந்திருந்தது. ரங்காகாட்டில் நாற்றும் தீர்ந்திருந்தது.

"உன்னுதை ஏன் கடைசியில வெச்ச?" என்றேன்.

"வேணாம்னு சொன்னவ முதல்ல வாங்கலாமா?" என்றாள், சேற்றுக் கையைச் சேலையில் துடைத்தபடி. பிறகு என் கழுத்தில் நனைந்து கிடந்த கமோசாவை உருவி, என் முகத்தைத் துடைத்துவிட்டாள். சேறு என்றுதான் துடைத்தாள்.

கவுன்சிலில் இப்போது அவசர நிதியைத் திரும்ப வைத்திருக்கிறோம், அதை யாரும் எழுப்புவதில்லை. கோடு மூன்று கம்பங்களில் இருக்கிறது. மேட்டு நாற்றுக்குக் குத்தகைப் பணமும் ஒதுக்கியிருக்கிறோம். மேலிடத்தில் இருந்து வந்தவர், உங்கள் திட்டம் முதல் ஆண்டில் எவ்வளவு இழப்பீடு கொடுத்தது என்று கேட்டார். எனக்குக் கொடுத்த பரிசுப் பணம், அவ்வளவுதான் என்றேன். நான் வேடிக்கை பேசுவதாக நினைத்து அவர் சிரித்தார்.

அந்த ஐப்பசியில் படகில் போனபோது கெதெலுபாரி முழுக்கக் கதிர் தலைசாய்ந்து நின்றது. நடுவில் ஒரு வயல் மட்டும் வெறும் சேறாகக் காய்ந்து வெடித்திருந்தது. அக்கா அதன் வரப்பில் நின்று, "சாப்பிட்டுட்டுப் போடா" என்று கூப்பிட்டாள். அரிசி ககேன் வீட்டில் வாங்கியது.